கடைக்கு ஆள் வருவது எதனால்?

கடைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று இண்டூரில் குறைப்படுகிறோம். ஓசூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறும் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த விஷயத்தில் இஸ்லாமியப் பொருளியல் சொல்வது எந்த மத வியாபாரிக்கும் உதவும்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் கலைந்து சென்று பிழைப்பைத் தேடச் சொல்கிறது குர்ஆனின் 62-ஆம் அத்தியாயம். உழைக்கச் சொன்னதோடு மார்க்கம் நிற்கவில்லை. கூலியை முன்கூட்டியே பேச வேண்டும், வியர்வை உலருமுன் கொடுக்க வேண்டும், சக்திக்கு மீறி வேலை ஏவக்கூடாது என்பது நபிவழி. மாதச் சம்பளத்தைப் பத்தாம் தேதிவரை இழுக்கும் கடையில் ஆள் நிற்பானா?

பெண்கள் விஷயம் இன்னும் கவனிக்கத்தக்கது. நபிகளாரின் துணைவியார் கதீஜா அம்மையார், லாபத்தில் பங்கு பேசி ஆட்களிடம் முதல் கொடுத்து வாணிபம் செய்தவர். பெண்ணின் சம்பாத்தியம் அவளுக்கே உரியது. குடும்பச் செலவோ கணவன் பொறுப்பு. ஆகவே வேலைக்கு வருவது அவளுக்குக் கட்டாயமல்ல, விருப்பம். போக வர வழியும், இருக்கும் இடமும் சரியாக இருந்தால்தான் வருவாள். முஸ்லிம் வணிகர்கள் தோல் தொழிலை வளர்த்த ஆம்பூரில், ஷூ கம்பெனிகளின் வண்டிகள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றி வருகின்றன.

வண்டி விடுவது நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் கடை ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. நம்மில் எத்தனை பேர் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறோம்?