பழைய நீராவி இஞ்சினைச் செப்பனிட்டு மின்சாரம் எடுத்தல்

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் ஜில்லாவைச் சேர்ந்த கெயின்ஸ்பரோ, லிங்கன் முதலிய ஊர்களின் தொழிற்சாலைகளிலிருந்து, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு, சக்கரம் பூட்டிய நீராவி இஞ்சின்கள் இந்தியா உட்படப் பல தேசங்களுக்கும் ஏற்றுமதியாயின. பாய்லர் கீழும், சிலிண்டரும் பல்லாரச் சக்கரமும் அதன் முதுகின்மேலும் அமைந்த இவ்வகை இஞ்சினை மாடுகள் இழுத்துச் செல்லலாம். எண்ணெய் இஞ்சினும் மின்சார மோட்டாரும் பரவிய பின்னர் இவை மூலையில் கிடந்து துருவேறின. இத்தகைய இஞ்சின் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும்பொழுது, இதனைப் புதுப்பித்து டைனமோவுடன் பூட்டினால் விளக்குக்கும் மோட்டாருக்கும் மின்சாரம் கிடைக்குமன்றோ என்னும் எண்ணம் சங்கத்தாருக்கு எழுவது இயல்பே. எண்ணம் தவறன்று. 1882-ஆம் வருஷத்தில் நியூயார்க் நகரத்தின் பேர்ல் வீதியில் எடிசன் நிறுவிய மின்சார நிலையத்தில் டைனமோக்களைச் சுழற்றியவை நீராவி இஞ்சின்களே. ஆயினும் அங்கத்தினர்களின் பங்குத் தொகையையும், அதனினும் மேலாக வேலையாட்களின் உயிரையும் பற்றிய விஷயமாதலால், பணம் கொடுப்பதற்கு முன் ஆராய வேண்டியவை பல உண்டு.

பழைய இஞ்சினை வாங்கியவர் முதலில் செய்வது பெரும்பாலும் வர்ணம் பூசுவதாகும். இது தலைகீழான முறை. முதலில் பார்க்க வேண்டியது பாய்லரே. இஞ்சின் பழுதுபட்டால் நின்றுவிடும்; பாய்லர் பழுதுபட்டால் சுற்றியிருப்போரைக் கொன்றுவிடும். சதுர அங்குலத்திற்கு 100 ராத்தல் அழுத்தத்தில் பாய்லரிலுள்ள நீர் சுமார் 170 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் இருக்கும். தகடு கிழிந்து அழுத்தம் நீங்கிய அக்கணமே அந்நீரில் ஒரு பகுதி ஆவியாகப் பொங்கும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். 2001-ஆம் வருஷம் ஜூலை 29-ஆம் தேதி அமெரிக்காவின் ஒஹாயோ ராஜ்யத்தில், மெடினா பொருட்காட்சித் திடலில், பழைய நீராவி இழுவை இஞ்சின் ஒன்று இவ்விதமே வெடித்து 5 பேர் மாண்டனர், பலர் காயமுற்றனர். அடுப்பின் மேற்கூரைத் தகடு தேய்ந்து மெலிந்திருந்ததும், அதன்மேல் நீர் குறைந்துபோனதும் விசாரணையில் வெளியாயின.

ஆகையால் பாய்லரின் குழாய்களை யெல்லாம் கழற்றி, உட்புறத்துக் கல்லுப்பையும் துருவையும் சுரண்டி யெடுத்து, தகட்டின் கனத்தை ஓரிடமும் விடாமல் அளக்க வேண்டும். ஒலி அலையைச் செலுத்திக் கனத்தை அளக்கும் கருவி இக்காலத்தில் இருப்பதால் தகட்டைத் துளைக்க வேண்டுவதில்லை. நீர் மட்டம் நிற்கும் கோட்டிலும், சாம்பல் ஈரத்தோடு தங்கும் அடிப்பாகத்திலும், தறையாணி வரிசைகளின் ஓரத்திலும் தேய்வு அதிகம். அடுப்புப் பெட்டியை வெளித்தகட்டுடன் பிணைக்கும் தாங்கு போல்ட்டுகளைச் சிறு சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால், முறிந்தது மந்தமான ஓசை தரும். பிறகு நீரழுத்தப் பரீக்ஷை. பாய்லரை நீரால் நிரப்பி, காற்றை முழுதும் வெளியேற்றி, கைப்பம்பினால் வேலை அழுத்தத்திற்கு மேற்பட்ட அழுத்தம் ஏற்றுவர். நீர் சுருங்காத பொருளாதலால், தகடு கிழிந்தாலும் சிறிது நீர் ஒழுகி அழுத்தம் இறங்கிவிடும். காற்றைக் கொண்டு இப்பரீக்ஷை செய்வது தற்கொலைக்கு ஒப்பாகும். இந்தியாவில் 1923-ஆம் வருஷத்துப் பாய்லர் சட்டம் நெடுங்காலம் வழங்கிவந்து, 2025-ல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இரண்டின்படியும் பதிவும் இன்ஸ்பெக்டரின் அத்தாட்சியுமின்றிப் பாய்லரில் நீராவி ஏற்றலாகாது. பாய்லர் தேறாவிடில், இஞ்சினை மட்டும் வைத்துக்கொண்டு புதிய பாய்லர் பூட்டுவதே விவேகம். அதற்குப் பணமில்லையேல் முயற்சியைக் கைவிடலாம். தகட்டின்மேல் ஒட்டுப்போட்டுச் சமாளிப்பதில் லாபமில்லை.

இஞ்சின் பாகம் அவ்வளவு கடினமன்று. பிஸ்டன் இறுகியிருந்தால் சம்மட்டியால் அடிக்கலாகாது. மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றி, நாட்கணக்கில் ஊறவிட்டு, பல்லாரச் சக்கரத்தை மெல்ல அசைக்க வேண்டும். வார்ப்பிரும்பு வளையங்களைப் புதிதாகச் செய்துகொள்ளலாம். தேய்ந்த பேரிங்குகளில் வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்து, நீலச் சாயம் தடவிப் பார்த்துச் சுரண்டிப் பொருத்துவது தேர்ந்த பிட்டருக்குத் தெரிந்த வேலையே.

இனி, எவ்வளவு சக்தி கிடைக்கும் என்பதைக் கணக்கிடுவோம். சிலிண்டரின் விட்டம் 9 அங்குலம், பிஸ்டன் வீச்சு 12 அங்குலம், சராசரி அழுத்தம் 40 ராத்தல், நிமிஷத்திற்கு 120 சுற்று என்று கொண்டால், சிலிண்டருக்குள் உண்டாகும் சக்தி சுமார் 18½ குதிரைச் சக்தி. உராய்விலும் டைனமோவிலும் கழிவது போக, கைக்கு வருவது உத்தேசமாக 10 கிலோவாட், அதாவது மணிக்கு 10 யூனிட். இதற்கு மணிக்கு 280 கிலோ நீராவியும், அந்நீராவிக்கு 90 கிலோவுக்குக் குறையாத உலர்ந்த விறகும் செல்லும். ஒரு யூனிட்டுக்கு 9 கிலோ விறகு! விறகின் உஷ்ணத்தில் நூற்றுக்கு மூன்று பங்கே மின்சாரமாகிறது. விலைக்கு விறகு வாங்கி இவ்விதம் மின்சாரம் எடுக்கும் சங்கம் நஷ்டமடைவது நிச்சயம்.

ஆனால் நெல் ஆலையுள்ள சங்கத்தின் நிலைமை வேறு. நூறு கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி கிடைக்கும். மணிக்கு 110 கிலோ உமி வேண்டுமாயின் 550 கிலோ நெல் அரைக்க வேண்டும். உமிக்கேற்ற படிக்கட்டு அடுப்பு அமைப்பது அவசியம். எரிந்த உமியில் ஐந்திலொரு பங்கு சாம்பலாக மிஞ்சுமாதலின், குழாய்களை அடிக்கடி துடைக்க ஆளும் வேண்டும். இதனினும் முக்கியமான ஆதாயம் வேறொன்று. சிலிண்டரில் வேலை செய்து வெளிவரும் நீராவி தன் உஷ்ணத்தில் பெரும்பங்கை இழப்பதில்லை. அதனைப் புகைபோக்கி வழியே வீணே விடாது, நெல் ஊறவைக்கும் நீரைச் சுடவைப்பதற்கும் களத்து உலர்த்தியில் காற்றைச் சூடாக்குவதற்கும் பயன்படுத்தினால், மின்சாரம் உபரியாகக் கிடைத்ததென்றே கொள்ளலாம். அந்நீராவியில் சிலிண்டர் எண்ணெய் கலந்திருப்பதால் நெல்லின்மேல் நேரே படவிடாமல் சுருள் குழாய்க்குள் செலுத்த வேண்டும். அதே காரணத்தால், அது குளிர்ந்த நீரை எண்ணெய் பிரிக்காமல் பாய்லருக்குத் திருப்பவும் கூடாது.

மின்சாரப் பகுதியில் தொல்லை தருவது வேகம். நான்கு துருவ ஆல்டர்னேட்டர் 50 சைக்கிள் தருவதற்கு நிமிஷத்திற்கு 1,500 சுற்று சுழல வேண்டும். இஞ்சினோ 120 தான். பன்னிரண்டரை மடங்கை ஒரே பெல்ட்டில் எடுத்தால், 5 அடிப் பல்லாரத்திற்கு எதிரே 5 அங்குலத்திற்கும் சிறிய கப்பி வைக்க நேரிட்டு, பெல்ட் வழுக்கும். நடுவே ஓர் இடைத்தண்டு அமைத்து இரு படிகளில் ஏற்றுவதே முறை. பழைய கவர்னர் நெல் ஆலைக்குப் போதும், மின்சாரத்திற்குப் போதாது. மோட்டார் ஒன்று திடீரென ஓடத் தொடங்கினால் இஞ்சின் தளர்ந்து விளக்குகள் மங்கும். மோட்டார் நின்றால் வேகம் மிஞ்சி விளக்குகள் எரிந்துபோகும். புதிய கவர்னர் பூட்டலாம். அன்றி மின்சாரத்தை பாட்டரிகளில் சேமித்து, இன்வெர்ட்டர் வழியே பயன்படுத்தலாம். அனுமதியின்றி இதனை மின்சார வாரியத்தின் கம்பியோடு இணைப்பது, கம்பத்தில் ஏறி வேலை செய்வோருக்குப் பிராணாபத்து.

இஞ்சினை ஓட்டுவோன் கண் எப்பொழுதும் நீர்மட்டக் கண்ணாடியிலேயே இருத்தல் வேண்டும். கண்ணாடி இரண்டு வேண்டும். பம்பு ஒன்றும் இன்ஜெக்டர் ஒன்றுமாக நீர் ஊட்டும் வழியும் இரண்டு வேண்டும். நீர் கண்ணாடியை விட்டு மறைந்துவிட்டால், காய்ந்த தகட்டின்மேல் நீர் பாய்ச்சாமல், அடுப்பிலுள்ள நெருப்பை ஈர மண்ணால் மூடி அடக்கிவிட்டு விலகி நிற்க வேண்டும். கூரைத் தகட்டிலுள்ள உருகு தக்கையை வருஷந்தோறும் மாற்ற வேண்டும். கிணற்று நீர் உப்புத் தன்மையுடையதாயின் பரிசோதித்து, சலவைச் சோடாவை அளவறிந்து சேர்த்து, அடியில் படிந்த சேற்றை நாள்தோறும் வடித்துவிடுவது நலம்.

அரைவைக் காலம் முடிந்தவுடன் பாய்லரை வெறுமையாக்கி, சிறு சூட்டில் உள்ளே நன்றாக உலர்த்தி, தட்டுகளில் சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளை வைத்து வாயை இறுக மூட வேண்டும். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சிப் பொடியானதும் புதிய கட்டிகளை மாற்ற வேண்டுமாதலால், இரண்டு மாதத்திற்கொரு முறை திறந்து பார்ப்பது வழக்கம்.