பத்து நாள் கெடு

பெங்களூரின் விவேக் நகரில் வியாழக்கிழமை மாலையில் நடப்பவர் காதில் பல மொழிகள் ஒருங்கே விழும். குழந்தை இயேசு திருத்தலத்திற்கு வருவோர் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வேண்டிக்கொள்வர். வாயிலில் மெழுகுவத்தி விற்போர் அத்தனை மொழிகளிலும் விலை சொல்வர். அப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. பிழைப்புத் தேடிப் பின்னர் வந்தோரும் உளர். அத்தகைய ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். தந்தை தருமபுரியிலிருந்து வந்த தச்சர். தாய் தையற்பணி செய்பவர். மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. படம் வரைந்து வண்ணம் தீட்டுவதில் பெருவிருப்பம் உடையவள்.

தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் 38,000 ரூபாய்க்கு மடிக்கணினி ஒன்று இணையவழி வாங்கப்பட்டது. சனிக்கிழமை பெட்டி வந்தது. அன்று மாலை வரை வீட்டில் திருவிழாதான். ஞாயிறு காலையில் மகளின் முகம் வாடியிருந்தது.

"அப்பா, நான் தீட்டிய செம்பருத்தி இதில் செங்கல் நிறமாகத் தெரிகிறது. மின்னேற்றம் நான்கு மணி நேரங்கூட நிற்கவில்லை. 512 ஜிபி என்றார்கள், 476தான் காட்டுகிறது. எதைத் திறந்தாலும் நேரமாகிறது."

"திருப்பிக் கொடுத்துவிடலாமா, கண்ணு?"

"தெரியவில்லை அப்பா. அம்மா ஓராண்டு சேர்த்த பணம். இதுவே நல்ல கணினியாக இருந்துவிடாதா என்று இருக்கிறது."

பொருளைத் திருப்பித் தரும் காலம் பத்து நாள் என்று விற்பனையாளர் அறிவித்திருந்தார். அதில் ஒரு நாள் கழிந்துவிட்டது.

தச்சருக்குக் கணினி தெரியாது. ஆனால் குறை கேட்டுப் பழக்கம் உண்டு. "மழைக்காலத்தில் கதவு இறுகிப் பிடித்தால் அது மரத்தின் இயல்பு. ஈரத்தில் மரம் ஊதும். வெயில் வந்தால் சரியாகும். தாழ்ப்பாள் நிலையில் பொருந்தாமல் இருந்தால் அது என் பிழை. கூலி கேளாமல் போய்ச் சரிசெய்து தருவேன். உன் கணினியில் எது ஈரம், எது தாழ்ப்பாள் என்று முதலில் பிரித்துப் பார்" என்றார்.

பெரியப்பா மகன் எஸ்.பி. ரோட்டில் கணினி பழுதுபார்ப்பவன். மதியம் அவனும் வந்து சேர்ந்தான். மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற அந்தக் கடைத்தெருவில் நாள்தோறும் இத்தகைய முகங்களைக் காண்பவன் அவன். ஒவ்வொரு குறையையும் தனித்தனியே எடுத்தான்.

சேமிப்பகம் குறைந்தது போலத் தோன்றுவது கணக்கு வேறுபாடு மட்டுமே. உற்பத்தியாளர் ஒரு ஜிபி என்பதை 100 கோடி பைட்டு என எண்ணுகிறார். விண்டோஸ் இயங்குதளமோ 1024 x 1024 x 1024 பைட்டைக் கொண்டு வகுத்துக் காட்டுகிறது. அது ஏறத்தாழ 107 கோடி. 51,200 கோடியை அதனால் வகுத்தால் 476 வரும். யாரும் எதையும் திருடவில்லை.

மந்தமும் நிலையானதன்று. புதிய கணினி முதல் ஓரிரு நாள் பின்னணியில் இயங்குதளத்தைப் புதுப்பித்துக்கொண்டும் கோப்புகளுக்கு அட்டவணை இட்டுக்கொண்டும் இருக்கும். அதன் பிறகும் மந்தம் நீடித்தால் நினைவகத்தைக் கூட்டலாம். அண்ணன் விவரக் குறிப்பைப் பார்த்து, இக்கணினியில் நினைவகச் செருகிடம் ஒன்று காலியாக உள்ளதென்றான். சில மெல்லிய கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் இவ்வழி இல்லை.

மின்கலத்தின் செய்தி சற்றே நுட்பமானது. விளம்பரத்தில் இருந்த சொற்கள்: "10 மணி நேரம் வரை." இவ்வாக்கியத்தின் உயிர் 'வரை' என்னும் கடைசிச் சொல்லில் இருக்கிறது. பழந்தமிழில் அது மலையையும் குறிக்கும். இங்கு எல்லையைக் குறிக்கிறது. பத்து மணி என்பது எட்டக்கூடிய மேல் எல்லை. அதற்குக் கீழே எந்த எண்ணும் அவ்வாக்கியத்தைப் பொய்யாக்காது. வணிகர்கள் தமிழ் இலக்கணத்தைக் கசடறக் கற்றவர்கள் என்றே சொல்லவேண்டும். இக்கணினியின் மின்கலம் 42 வாட்-மணி ஆற்றல் கொண்டது. திரையின் ஒளியைக் குறைத்து, எளிய பணி ஒன்றை மட்டும் செய்து, 4.2 வாட் அளவில் செலவிட்டால் பத்து மணி நேரம் வரும். முழு ஒளியில் காணொளி வகுப்பு நடக்கையில் 10.5 வாட் செலவானால் நான்கு மணிதான். மின்கலமே பழுதுபட்டதா என்று அறிய அண்ணன் விண்டோஸ் தரும் மின்கல அறிக்கையை எடுத்தான். வடிவமைத்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் கொள்ளளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்திருப்பின் அது உண்மையான குறைபாடு ஆகியிருக்கும்.

எஞ்சியது திரை. விளம்பரம் 1920 x 1080 புள்ளிகள் என்றது, அத்தனையும் இருந்தன. நிறங்களைப் பற்றி விளம்பரம் வாய் திறக்கவில்லை. விலை குறைந்த திரைகள் பல, கண் காணும் செம்மையையும் பசுமையையும் வெளிறவே காட்டும். அவளுக்குப் பெருந்துயரம் தந்தது அதுதான். ஆனால் விற்பனையாளர் வாக்கு மீறியதாகச் சொல்ல அதில் இடமில்லை.

"நினைவகத்தை நாளை மாற்றலாம், சேமிப்பகத்தை அடுத்த ஆண்டு மாற்றலாம். திரையையும் விசைப்பலகையையும் அப்படி எளிதில் மாற்ற முடியாது. ஐந்தாண்டு இவற்றோடுதான் நீ வாழவேண்டும். கணினி வாங்குவோர் பெரும்பாலும் தலைகீழாகப் பார்க்கிறார்கள்" என்றான் அண்ணன். பிறகு விளம்பரப் பக்கத்தையும் கணினியையும் மாறி மாறி நோக்கியவன், "விசைப்பலகை ஒளிரும் என்று போட்டிருக்கிறதே! இதில் விளக்கே இல்லையே?" என்றான்.

அவள் அதைக் கவனித்திருக்கவே இல்லை.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'குறைபாடு' என்பதற்குத் தரும் பொருள் இங்கே உதவும். பொருளின் தரம், அளவு, தூய்மை போன்றவற்றில் சட்டமோ ஒப்பந்தமோ வேண்டுகிற நிலைக்குக் குறைவது குறைபாடு. வணிகர் எவ்வகையிலேனும் தாமே சொல்லிக்கொண்ட நிலைக்குக் குறைவதும் குறைபாடே. ஆக, வாங்கியவர் மனம் எதிர்பார்த்தது வேறு, விற்றவர் வாய் சொன்னது வேறு. சட்டம் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்கிறது. குறைபாடுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்திற்குள்ளும், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாளுக்குள்ளும், திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்றும் அச்சட்டம் கூறுகிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கலாகாது என்கின்றன. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது, கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் இல்லாதவர் என்னும் கருத்தையே முன்வைக்கிறார். இன்றைய சட்டம் அதையே பல பிரிவுகளாக விரித்து எழுதியிருக்கிறது.

வழி கிடைத்துவிட்டது என மகள் மகிழ்ந்தாள். "விசைப்பலகையைச் சொல்லித் திருப்பிவிடலாம் அப்பா. திரையைப் பற்றிப் பேசவே வேண்டாம்."

தந்தை உடனே விடை கூறவில்லை. "விளக்கு இல்லாதது உனக்கு வருத்தமா?"

"இல்லை. ஆனால் அதுதானே செல்லும்?"

"அப்படியானால் இரண்டையும் எழுது. செல்லுவது செல்லட்டும். உன் மனத்தில் இருப்பதை மறைத்து எழுதினால் நாளைக்கு அவர்கள் விளக்கு உள்ள விசைப்பலகையோடு இதே திரையைத்தான் அனுப்புவார்கள்."

அவ்வறிவுரையில் நேர்மையோடு நடைமுறை அறிவும் கலந்திருந்தது. கெடுவின் ஆறாம் நாள் விண்ணப்பம் அனுப்பப்பட்டது. விளம்பரத்தின் படம், ரசீதின் படம், ஒளிராத விசைப்பலகையின் படம் மூன்றும் இணைக்கப்பட்டன. 'மாற்றித் தருக' என்று எழுதாமல் 'பணத்தைத் திருப்பித் தருக' என்று எழுதினாள். இரு தொடரும் ஒன்றுபோலத் தோன்றும். முன்னதை எழுதியிருந்தால் தந்தை சொன்னது போலவே வேறொரு பெட்டியில் அதே கணினி வந்திருக்கும். தொலைபேசியில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று தாய் சொன்னார். அண்ணன் இணங்கவில்லை. பேச்சு காற்றோடு போகும். எழுத்து நாளோடு நிற்கும். மின்வணிக நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் புகார் பெற்றதை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்திற்குள் தீர்க்கவும் வேண்டும்; அந்நாள்களை எண்ணுவதற்கு எழுத்தே சான்று.

எட்டாம் நாள் மறுமொழி வந்தது. விசைப்பலகை விளக்கு சிறு வசதியே. கணினியின் பயன் அதனால் குறையவில்லை. 2,000 ரூபாயைத் திருப்பித் தருகிறோம், கணினியை வைத்துக்கொள்ளுங்கள் என்றது அது.

குறை சிறியதா பெரியதா என்று தீர்மானிக்க வேண்டியவர் விற்றவரா, வாங்கியவரா? 1994இல் இக்கேள்வி கணினி உலகையே கலக்கியது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த தாமஸ் நைஸ்லி, பகா எண்களைப் பற்றிய கணக்கொன்றைச் செய்கையில் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் செயலி சில வகுத்தல்களில் தவறுவதைக் கண்டறிந்தார். 41,95,835ஐ 31,45,727ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டும், அச்செயலி 1.33374 என்றது. நான்காம் தசம இடத்திலேயே பிழை. சராசரிப் பயனர் 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே இப்பிழையைச் சந்திப்பார் என்றது இன்டெல். தேவையை மெய்ப்பிப்போருக்கு மட்டும் வேறு செயலி தருவோம் என்றும் கூறியது. அதன் கணக்கு ஒருபுறம் இருக்க, மக்களின் சினம் அடங்கவில்லை. காரணம் எளிது: பிழையுள்ள பொருளுக்கு முழு விலை கொடுத்தவரிடமே, 'உனக்கு இது தேவைதானா, மெய்ப்பித்துக் காட்டு' என்று கேட்டார்கள். ஐ.பி.எம். நிறுவனம் அச்செயலி கொண்ட கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. 1994 டிசம்பர் 20 அன்று, கேட்போர் எவருக்கும் காரணம் கேளாமல் மாற்றித் தருவதாக இன்டெல் அறிவித்தது. அதற்காக அந்நிறுவனம் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். இத்தனைக்குப் பிறகும் தனிப்பயனர் பலர் மாற்றிக்கொள்ளவே இல்லை. அவர்கள் வேண்டியது முடிவெடுக்கும் உரிமையை. அது கிடைத்தபின் பழைய செயலியோடே இருந்துவிட்டனர்.

விவேக் நகர் வீட்டிலும் முடிவு இப்போது அவர்கள் கையில் இருந்தது. 2,000 ரூபாய் சிறு தொகையன்று. அதைக் கொண்டு நினைவகத்தைக் கூட்டும் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம். திருப்பிக் கொடுத்தால் பணம் வந்து சேரும் வரை கணினி இராது. மகளின் அறிவியல் செயல்திட்டத்தை ஒப்படைக்க இரண்டு வாரமே இருந்தது. வைத்துக்கொள்வதற்கு இவை நியாயமான காரணங்கள். 'அம்மா ஓராண்டு சேர்த்த பணம்' என்பதோ காரணமாகாது. திருப்பிக் கொடுத்தால் அப்பணம் முழுதாக மீளும், வைத்துக்கொண்டால்தான் போகும். அரிதாகச் சேர்த்த பணம் என்பதாலேயே பிடிக்காத பொருளை விடாமல் பற்றிக்கொள்வது மக்களிடம் பரவலாகக் காணப்படும் மயக்கம்.

தாய்தான் முடிச்சை அவிழ்த்தார். "இந்தக் கணினியில் படம் வரைவாயா?" என்று கேட்டார்.

மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாட்டேன் அம்மா. தாளில் வரைந்துகொள்வேன்."

"பிறகு எதற்கு இது?"

அன்றிரவே 2,000 ரூபாய் வேண்டாம் என்று எழுதினார்கள். மறுத்தால் அடுத்து என்ன செய்வது என்பதையும் அண்ணன் சொல்லியிருந்தான்: 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணைத் தமிழிலேயே அழைக்கலாம், அதிலும் தீராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வாங்கியவர் வாழும் ஊரிலேயே முறையிட இடமுண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அங்கே செல்ல நேரவில்லை. மறுநாள் நண்பகலில், பொருளைப் பெற ஆள் வருவார் என்ற செய்தி வந்தது.

அதற்குள் செய்யவேண்டியவை சில இருந்தன. மகள் தன் கோப்புகளைப் பெயர்த்தெடுத்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, கணினியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தாள். வரிசை எண்ணைப் படம் எடுத்துவைத்தாள். பெட்டியையும் நுரைத்தட்டையும் தாய் கட்டிலடியில் காத்து வைத்திருந்தார். எதிர்வீட்டுக் குழந்தை நுரைத்தட்டைக் கேட்டு அழுதபோதும் கொடுக்கவில்லை. பத்தாம் நாள் பெட்டி வீட்டைவிட்டுச் சென்றது.

அறிவியல் செயல்திட்டத்தைப் பள்ளிக் கணினிக் கூடத்தில், மதிய உணவு இடைவேளைகளில் செய்து முடித்தாள். அதில் இரு பக்கம் அவள் நினைத்தபடி அமையவில்லை. பணம் வந்ததும் தந்தையும் மகளும் எஸ்.பி. ரோட்டுக்குச் சென்றனர். கடைக்காரர் செயலியின் வேகத்தைச் சொல்லத் தொடங்கினார். அவள் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டி, "ஐயா, முதலில் இதில் உள்ள செம்பருத்திப் படத்தைத் திறந்து காட்டுங்கள்" என்றாள்.

பயிற்சி

1. 'வரை' என்னும் சொல் எல்லைப் பொருளில் வரும் விளம்பரத் தொடர் மூன்றைத் திரட்டி எழுதுக. ஒவ்வொன்றும் உண்மையில் எதை உறுதி அளிக்கிறது?

2. 'மாற்றித் தருக', 'திருப்பித் தருக', 'பழுது நீக்கித் தருக' ஆகியவற்றின் பொருள் வேறுபாட்டைச் சொந்த வாக்கியங்களில் விளக்குக.

3. திரையைப் பற்றியும் எழுதச் சொன்ன தந்தையின் கருத்தை ஏற்கிறீர்களா? வீட்டில் பெரியவர்களோடு தமிழில் உரையாடி, அவர்கள் கூறிய மறுப்பு ஒன்றையும் சேர்த்து எழுதுக.

4. விற்பனையாளருக்கு மகள் எழுதிய கடிதத்தை, நாளும் இணைப்புகளும் குறித்து, பத்து வரியில் வரைக.