நட்சத்திரத்தை இறக்க அவசரம் வேண்டாம்

டிசம்பர் மாதம் முழுவதும் நம் லுத்தரன் சபைகளுக்கு ஓய்வே கிடையாது. கேரல் பவனி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகம், பெண்கள் சங்கத்தின் விழா, கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனை, ஆண்டிறுதி இரவு ஆராதனை, புத்தாண்டு வாக்குத்தத்த வசனம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஜனவரி 2ஆம் தேதி குடில் கலைகிறது, நட்சத்திரம் இறங்குகிறது, கணக்கு முடிக்கப்படுகிறது. நான்கு நாள் கழித்து வரும் பிரசன்னத் திருநாள், அதாவது எப்பிபனி, பஞ்சாங்கத்தில் ஒரு வரியாக நின்றுவிடுகிறது. அதற்குப் பின் சாம்பல் புதன் வரையிலான வாரங்களை, கிறிஸ்துமஸுக்கும் லெந்துக்கும் நடுவே விழுந்த வெற்றிடம்போல நாம் கடத்துகிறோம். சபை வழிபாட்டைத் திட்டமிடுவதில் நான் கற்ற பாடங்களில் முதன்மையானது இதற்கு நேர்மாறானது: தமிழ் லுத்தரன் சபைக்கு மிகவும் சொந்தமான காலம் இதுதான். டிசம்பரில் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை இந்த வாரங்களுக்கு ஒதுக்கினால், சபை தான் யார் என்பதை அறிந்துகொள்ளும். இதை எப்படிச் செய்யலாம், ஏன் செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இந்தத் திருநாளின் அளவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சாஸ்திரிகள் பாலனைப் பணிந்துகொண்ட ஒரு நிகழ்ச்சியின் நினைவுநாள் மட்டும் அல்ல இது. கீழைச் சபைகளில் ஜனவரி 6 முதன்மையாக யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றதன் நாள். மேலைச் சபைதான் சாஸ்திரிகளை முன்னே நிறுத்தியது. பழைய வழிபாட்டு மரபோ சாஸ்திரிகளின் வருகை, யோர்தான் ஞானஸ்நானம், கானா ஊர்க் கலியாணம் ஆகிய மூன்றையும் ஒரே வெளிப்பாட்டின் மூன்று முகங்களாகக் கண்டது. மார்ட்டின் லுத்தரும் அப்படியே கண்டார். செடூலியுஸ் என்னும் பழைய லத்தீன் கவிஞரின் பாடலை அவர் 1541இல் ஜெர்மன் மொழியில் ஆக்கினார். ஏரோதின் அச்சத்தில் தொடங்கும் அந்தப் பாடல் சாஸ்திரிகள், யோர்தான், கானா என்ற வரிசையிலேயே நடக்கிறது. ஆகவே ஜனவரி 6 ஒரு தொடக்கம். அதைத் தொடரும் ஞாயிறுகள் அதன் விரிவுரை. அந்த ஞாயிறுகளின் எண்ணிக்கை ஈஸ்டரைப் பொறுத்து மாறும். 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10 அன்று வருவதால் ஐந்து ஞாயிறுகள்தான் கிடைக்கும். 2028இல் அது மார்ச் 1 ஆதலால் எட்டு கிடைக்கும். எனவே என் முதல் யோசனை: புதிய பஞ்சாங்கம் கைக்கு வந்ததும் சாம்பல் புதனை முதலில் பாருங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால்தான் எத்தனை வாரம் கையில் இருக்கிறது என்பது தெரியும்.

இக்காலம் நமக்கு ஏன் சொந்தம்? பிரசன்னத் திருநாளின் நிருப பாடம் எபேசியர் மூன்றாம் அதிகாரம். புறஜாதியாரும் உடன் சுதந்தரர் என்பதே பவுல் அங்கே வெளிப்படுத்தும் இரகசியம். அந்தப் புறஜாதியார் யாரோ அல்ல, நாமேதான். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளூட்சாவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். மறு ஆண்டே அங்கு முதல் ஞானஸ்நானங்கள் நடந்தன. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை ஆயிற்று. எபேசியருக்குச் சொல்லப்பட்டது தமிழில் நிறைவேறிய வரலாறு இது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவான நாளும் 1919 ஜனவரி 14, அதாவது பிரசன்ன காலத்துக்குள்ளேயே விழும் நாள். பொங்கலை ஒட்டி வரும் அந்த நாளைத் தனியான ஆண்டுவிழாவாகக் கொண்டாடிவிட்டு மறப்பதைவிட, அதை ஒட்டிய ஞாயிறன்று தரங்கம்பாடி வரலாற்றையும் எபேசியர் பாடத்தையும் ஒன்றாக வைத்துப் பிரசங்கிப்பது சபைக்கு அதிகம் பயன்தரும். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் ஜனவரி 6 இன்றும் அரசு விடுமுறை. அங்குள்ள லுத்தரன் சபைகள் அதை அருட்பணிக்குரிய நாளாக வைத்திருக்கின்றன. அந்தப் பணியின் பலனாக எழுந்த நம் சபைகள் அந்த நாளைக் கவனிக்காமல் விடுவது பொருந்தாது.

நடைமுறைக்கு வருவோம். ஜனவரி 6 பெரும்பாலும் வேலைநாளில் வரும். பள்ளியும் அலுவலகமும் இயங்கும். அன்று காலையில் ஆராதனை வைத்தால் ஓய்வுபெற்றவர்கள் மட்டுமே வருவார்கள். மாலை ஏழு மணிக்கு, ஒரு மணி நேரத்தைத் தாண்டாமல், மூன்று பாடல், மத்தேயு இரண்டாம் அதிகாரம், சிறு பிரசங்கம், திருவிருந்து என்று வைத்தால் குடும்பங்கள் வரும். அதுவும் இயலாத சிற்றூர்ச் சபைகளில் அருகிலுள்ள ஞாயிறன்று கொண்டாடுவதில் தவறில்லை. குடிலை டிசம்பரில் அமைக்கும்போதே சாஸ்திரிகளின் சிலைகளை மேய்ப்பர்களோடு சேர்த்து வைக்காமல் எடுத்து வையுங்கள். ஆலயத்தின் மறுகோடியில் வைத்து வாரந்தோறும் சிறிது நகர்த்தி, ஜனவரி 6 அன்று குடிலுக்குக் கொண்டுவரும் வேலையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் இன்னும் முடியவில்லை என்பது பிள்ளைகளின் மனத்தில் பதியும். வீட்டு வாசலில் தொங்கும் நட்சத்திரத்துக்கும் இதே விதி: ஜனவரி 6 இரவு வரை அது எரியட்டும். ஊரில் மற்ற நட்சத்திரங்கள் எல்லாம் இறங்கிய பிறகு நம் வீட்டில் மட்டும் எரிந்தால், அண்டைவீட்டார் காரணம் கேட்பார்கள். சாட்சி சொல்ல அதைவிட இயல்பான வாய்ப்பு கிடைக்காது.

தொடரும் ஞாயிறுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலை இணைப்பது என் அடுத்த யோசனை. முதல் ஞாயிறு இயேசுவின் ஞானஸ்நானத்துக்குரியது. அதற்கு முந்தைய வாரங்களில் வரும் ஞானஸ்நானக் கோரிக்கைகளை, அவசரம் இல்லாதவற்றை, அந்த நாளுக்கு ஒதுக்கலாம். சபையார் அனைவரும் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தில் ஞானஸ்நானப் பகுதியைச் சேர்ந்து வாசிக்கலாம். பழைய மனுஷன் நாள்தோறும் மனஸ்தாபத்தால் மூழ்கிச் சாகவேண்டும் என்னும் அந்தப் போதனையைத் திடப்படுத்தலுக்குப் படித்தபின் பலர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கானா ஊர்க் கலியாணப் பாடம் வரும் ஞாயிறு நம் ஊர் வழக்கத்தோடு தானாகவே பொருந்தும். லெந்தில் திருமணம் வைப்பதில்லை என்பதால் தை மாதத்தில் கலியாணங்கள் குவிகின்றன. அன்று புதுமணத் தம்பதிகளையும் நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களையும் அழைத்து ஜெபிக்கலாம். குஷ்டரோகியும் நூற்றுக்கு அதிபதியும் வரும் மத்தேயு எட்டாம் அதிகாரம், பழைய ஓராண்டுப் பாட வரிசையில் மூன்றாம் ஞாயிறுக்குரியது. நோயாளிகளைச் சந்திக்க வாலிபர் சங்கத்தை அனுப்ப அதுவே தருணம். கடைசி ஞாயிறு மறுரூப மலைக்குரியது. இது லுத்தரன் மரபு தந்த கொடை. 16ஆம் நூற்றாண்டில் புகன்ஹாகன் போன்ற சீர்திருத்தக்காரர்கள் அந்தப் பாடத்தை இக்காலத்தின் முடிவில் வைத்தார்கள். யோர்தானில் கேட்ட பிதாவின் குரல் மலைமேல் மறுபடி கேட்கிறது. அதன்பின் பாதை எருசலேமுக்கு இறங்குகிறது. அந்த ஞாயிறை ஒழுங்காகக் கொண்டாடிய சபைக்குச் சாம்பல் புதன் திடீரென வந்த துக்கநாளாகத் தோன்றாது. பீட விரிப்பும் இதைச் சொல்லும்: திருநாளுக்கும், ஞானஸ்நான ஞாயிறுக்கும், மறுரூப ஞாயிறுக்கும் வெள்ளை, இடையில் உள்ளவற்றுக்குப் பச்சை. நிறம் மாறும்போது ஒரே வாக்கியத்தில் காரணத்தைச் சொல்லிவிடுங்கள், போதும்.

இனி எதிர்ப்புகள். வேதத்தில் கட்டளையிடப்படாத பண்டிகையை ஏன் ஆசரிக்க வேண்டும் என்று நம் சபைகளிலேயே சிலர் கேட்பதுண்டு. இது நியாயமான கேள்விதான். 1530இல் எழுதப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 15ஆம் பிரிவு இதற்குத்தான் பதில் சொல்கிறது. பாவமின்றி ஆசரிக்கக்கூடியதும், சபையின் சமாதானத்துக்கும் ஒழுங்குக்கும் உதவுவதுமான திருநாள்களை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவை இரட்சிப்புக்கு அவசியம் என்று யாருடைய மனச்சாட்சியையும் நெருக்கக் கூடாது என்பது அதன் சாரம். கிறிஸ்துமஸுக்கும் வேதக் கட்டளை இல்லை என்பதைக் கேள்வி கேட்பவர் மறந்துவிடுகிறார். டிசம்பர் 25ஐ விரும்பிக் கொண்டாடிவிட்டு ஜனவரி 6ஐ மட்டும் மனிதக் கற்பனை என்று தள்ளுவது சீரான நிலைப்பாடு ஆகாது. அதே சமயம் எச்சரிக்கை நமக்கும் உண்டு: ஜனவரி 6 ஆராதனைக்கு வராதவரைக் குறைசொல்லும் வேலையில் யாரும் இறங்கக் கூடாது.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கூர்மையானது. இந்தக் கதை முழுக்கக் கட்டுக்கதை ஒட்டியிருக்கிறது, நட்சத்திரம் பார்த்து வந்தவர்களைப் புகழ்வது ஜோசியத்துக்கு இடம் கொடுப்பதாகாதா என்கிறார்கள். வந்தவர்கள் மூவர் என்றோ, ராஜாக்கள் என்றோ மத்தேயு எழுதவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆட்கள் மூவர் ஆனார்கள், பெயர்கள் பிற்காலத்தில் வந்தன. 1522இல் வெளியான தம் பிரசங்கத் தொகுப்பில் லுத்தரே இதைச் சொல்லி, இதைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை என்று கடந்து போகிறார். அவர் நின்று பேசும் இடம் வேறு. வானத்து அடையாளம் அவர்களை எருசலேம் வரைக்கும்தான் கொண்டுவந்தது. எந்த ஊர் என்று காட்டியது மீகா தீர்க்கதரிசியின் எழுத்து. அந்த எழுத்தைக் கேட்டு அவர்கள் புறப்பட்ட பிறகே நட்சத்திரம் மறுபடி தெரிந்தது. வார்த்தையின்றி நட்சத்திரம் கிறிஸ்துவிடம் சேர்க்காது என்பதுதான் இப்பாடம். சாதகக் கட்டை விட முடியாமல் விசுவாசிகளே நல்ல நாள் பார்க்கும் நம் ஊரில், ஜோசியத்துக்கு எதிராகப் பிரசங்கிக்க இதைவிடப் பொருத்தமான வேதபகுதி இல்லை. கட்டுக்கதைக்கு அஞ்சித் திருநாளை விடுவதைவிட, திருநாளைக் கொண்டு கட்டுக்கதையைத் திருத்துவதே லுத்தரன் வழி.

ஜனவரி 6 அன்று கதவு நிலையில் சுண்ணக்கட்டியால் ஆண்டையும் எழுத்துகளையும் எழுதி வீட்டை ஆசீர்வதிப்பது ரோமச் சபைப் பழக்கம், நமக்கு வேண்டாம் என்போரும் உண்டு. எனக்கு அதில் பிடிவாதம் இல்லை. எழுத்துகள் இல்லாவிட்டாலும் வீட்டு ஜெபம் இருக்கலாம். ஆண்டுத் தொடக்கத்தில் எப்படியும் ஐயர் வீடுவீடாகப் போகிறார். அந்தச் சந்திப்பை இந்த வாரங்களில் வைத்து, சாஸ்திரிகள் வீட்டுக்குள் போய்ப் பாலனைக் கண்டார்கள் என்ற வசனத்தை வாசித்து ஜெபித்தால் புதிய சடங்கு எதுவும் தேவைப்படாது. இசைக்கும் இதே அணுகுமுறையே. நிகோலாய் 1599இல் வெளியிட்ட விடிவெள்ளிப் பாடல் இத்திருநாளோடு இணைந்தது. பாக் 1724 ஜனவரி 6க்கென லைப்சிக்கில் தனிக் கன்டாட்டா இயற்றினார். அதே லைப்சிக்கின் பெயரைத் தாங்கிய மிஷன்தான் பின்னர் தரங்கம்பாடியில் பணியைத் தொடர்ந்தது. நம் கையிலோ ஜெர்மன் மூலத்திலிருந்து வந்த ஞானப்பாட்டும் இருக்கிறது, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி மரபும் இருக்கிறது. பாடகர் குழு கிறிஸ்துமஸுக்குப் பயின்றவற்றில் இரண்டை ஜனவரிக்கு ஒதுக்கினாலே போதுமானது.

களைப்பும் செலவும் என்பதே கடைசி எதிர்ப்பு. டிசம்பரில் ஓய்ந்துபோன சபைச்சங்கத்திடம் இன்னொரு விழாவா என்று கேட்பது இயல்பு. நான் கேட்பது கூடுதல் விழா அல்ல, இடமாற்றம். டிசம்பரில் நெருக்கியடித்து வைக்கும் நிகழ்ச்சிகளில் ஏழைகளுக்கான உதவியையும் சிறுவர் நாடகத்தையும் ஜனவரிக்குத் தள்ளினால் டிசம்பரும் இலகுவாகும். எல்லாரும் கொடுக்கும் கிறிஸ்துமஸ் வாரத்தைவிடக் கைகள் காலியாகும் ஜனவரியில் வரும் உதவிக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் இத்தனையையும் செய்து, ஒன்றைத் தவிர்த்தால் திருநாளின் பொருள் போய்விடும். 19ஆம் நூற்றாண்டில் லைப்சிக் மிஷன் சாதி விஷயத்தில் மென்மையாக நடக்கிறது என்று மற்ற மிஷன்கள் குற்றம் சாட்டின. அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இருந்தது. அந்த நிழல் இன்னும் முற்றாக நீங்கவில்லை என்பதை வரன் தேடும்போதும் சபைத் தேர்தலின்போதும் எவரும் காணலாம். தூரதேசத்து அந்நியரைத் தேவன் குடிலுக்குள் அழைத்தார் என்று பாடிவிட்டு, ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறுபவரைச் சம்பந்தத்துக்குத் தகாதவர் என்று ஒதுக்கினால், நாம் கொண்டாடுவது பிரசன்னத் திருநாள் அல்ல. ஆகவே சபைத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் இது: வரும் ஜனவரியில் நட்சத்திரத்தை ஆறாம் தேதி வரை விடுங்கள், சாம்பல் புதன் வரையிலான ஞாயிறுகளை இப்போதே எண்ணித் திட்டமிடுங்கள், அவற்றில் ஒன்றையாவது சாதியைப் பற்றி வெளிப்படையாகப் பிரசங்கிக்க ஒதுக்குங்கள்.