கத்திரித் தோட்டத்தில் வேர்முடிச்சு

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் கிணற்றுப் பாசனத்தில் கத்திரி, தக்காளி, வெண்டை பயிரிடும் குடியானவர்கள் அறிந்த காட்சி ஒன்றுண்டு. தண்ணீரும் எருவும் குறைவின்றி இருந்தும், செடிகள் திட்டுத்திட்டாக வெளுத்துக் குன்றி, உச்சி வெயிலில் வாடி மாலையில் தெளிகின்றன. உரம் போதவில்லையெனக் கருதி மேலும் உரமிடுவோர் பலர். அவ்விதம் செலவு செய்யுமுன், செடியொன்றை மண்வெட்டியால் கெல்லியெடுத்து வேரைக் கழுவிப் பார்த்தல் நலம். வேரில் மணிமணியாக வீக்கங்கள் காணப்படின், அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலையேயாகும்.

மணிலா பயிரிட்டுப் பழகியவர்கள் இங்கே மயங்கலாகாது. மணிலா வேரிலுள்ள முண்டுகள் தழைச்சத்தைச் சேர்த்துத் தருபவை. வேரின் பக்கத்தில் ஒட்டியிருந்து, விரலால் நிமிண்டினால் உதிரும். நூற்புழுவின் முடிச்சோ வேரே பருத்து உண்டாவது. வேரை அறுக்காமல் அதைப் பிரிக்க முடியாது.

கண்ணுக்குப் புலப்படாத குஞ்சுப்புழு, வேர்நுனி வழியே உட்புகுந்து ஓரிடத்தில் நிலைத்துச் சாற்றை உண்டு பருக்கிறது. பெண்புழு ஒன்று சில நூறு முட்டைகளிடும். நமது வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிவதால், ஒரே பட்டத்தில் பல தலைமுறைகள் பெருகிவிடும். மணற்பாங்கான நிலம் இதற்கு மிகவும் உகந்தது. 1901-லேயே தென்னிந்தியத் தேயிலைச் செடிகளில் இந்நோயைப் பற்றி ஸி. ஏ. பார்பர் எழுதியுள்ளார். பிற்காலத்தில் மண்ணிலிட வந்த டைபுரோமோகுளோரோபுரோபேன் என்னும் மருந்து, அதைத் தயாரித்த தொழிலாளருக்கு மலட்டுத்தன்மை விளைத்தது 1977-ல் கலிபோர்னியாவில் வெளிப்பட்டது. ஆகவே செடிவகைகளைக் கொண்டு செய்யத்தக்கவற்றை முதலில் நாடுவதே முறை.

வேப்பம்பிண்ணாக்கு இவற்றுள் தலையாயது. ஏக்கருக்கு 100 கிலோ வீதம் தூளாக்கிக் கடைசி உழவில் இட்டு, நிலத்தை ஈரமாக வைத்து, இரண்டு வாரம் சென்றபின் நடவேண்டும். அது மக்கும்போது வெளிப்படும் கசப்புப் பொருள்களும் அம்மோனியாவும் புழுவுக்குத் தீங்கானவை. மண் கலந்த பிண்ணாக்கும் சந்தைக்கு வருவதுண்டு. வேம்பின் நெடியில்லாததை வாங்கவேண்டாம்.

துலுக்கச் சாமந்தியின் வேரிலும் புழுவைக் கொல்லும் பொருளுண்டு. ஆயினும் வரப்போரம் பத்துச் செடி நட்டுப் பலனை எதிர்பார்ப்பது வீண். நிலம் முழுதும் நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் வளர்க்கவேண்டும்; பூவின் வரும்படி தனி. இடையே களை இருந்தால் புழு அதில் பிழைத்துக்கொள்ளும். இவ்வளவு காலம் விடமுடியாதவர்கள் சணப்பை விதைத்து, பூக்குந் தருணத்தில் மடக்கி உழலாம்.

இவையாவும் நடவுக்கு முன் செய்யவேண்டியவை. முடிச்சு முற்றிய பயிரை இலைச்சாறு ஊற்றி மீட்கலாமென்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. புதுநிலத்துக்கு இப்புழு பெரும்பாலும் நாற்றோடேயே வருகிறது. ஆதலால் நாற்றங்காலை ஆண்டுதோறும் இடம் மாற்றி, பிண்ணாக்கை அங்கே தாராளமாய் இடுக. பிடுங்கும்போது சில நாற்றில் முடிச்சிருந்தாலும் அப்பாத்தி முழுவதையும் கழித்துவிடவேண்டும். விலைக்கு வாங்குவோர் விற்பவர் எதிரிலேயே பத்து நாற்றின் வேரைப் பார்க்கத் தயங்கவேண்டாம். காய்ப்பு ஓய்ந்த கத்திரிக் கட்டைகளை வேருடன் பிடுங்கி, உலர்த்தி எரிப்பதே தக்கது, எருக்குழியில் இடலாகாது.