கைப்பேசியில் ஓர் அறை வாடகைக்கு

வேலைக்குப் போகும் அம்மாவின் அல்லது அண்ணனின் ஆண்ட்ராய்டு கைப்பேசியை, அனுமதி கேட்டு ஒரு நிமிடம் வாங்கிப் பாருங்கள். சில செயலிகளின் ஓரத்தில் குட்டிக் கைப்பெட்டிச் சின்னம் ஒன்று தெரியலாம். மின்னஞ்சல் செயலியே இரண்டு இருக்கும். ஒன்றில் பெட்டி இருக்கும், மற்றதில் இருக்காது. ஒரே செயலி எதற்கு இரண்டு முறை?

கைப்பேசியைக் காசு கொடுத்து வாங்கியவர் அம்மா. அதில் உள்ள வாடிக்கையாளர் பட்டியலோ நிறுவனத்துடையது. பேருந்தில் அதைத் தவறவிட்டால் இருவருக்கும் தலைவலி. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, தன் பொறுப்பில் உள்ள தகவலைக் காக்க வேண்டியது நிறுவனம். ‘அது ஊழியரின் சொந்தக் கைப்பேசி’ என்று சொல்லிக் கைகழுவ முடியாது. அதற்காக அம்மாவின் குடும்பப் படங்களையும் நிறுவனம் எட்டிப் பார்க்கலாமா? கூடாதல்லவா?

வீவக வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு வந்தவரிடம் அந்த அறையின் சாவி மட்டும் இருக்கும். காலி செய்யும்போது தம் பொருள்களை எடுத்துச் செல்வார். உங்கள் அலமாரியைத் தொடமாட்டார். 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0, கைப்பேசிக்குள் இப்படி ஓர் அறையைக் கட்டித் தந்தது. அதை ‘வேலைப் பகுதி’ என்போம். கைப்பெட்டிச் சின்னம் உள்ள செயலிகள் எல்லாம் அந்த அறையில் குடியிருப்பவை.

சரி, அறையின் சுவர் எதனால் ஆனது? ஆண்ட்ராய்டுக்கு அடித்தளம் லினக்ஸ். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள ஏற்றவாறு அமைந்தது அது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. ஒருவரின் கோப்பை இன்னொருவர் கேட்டால் ‘முடியாது’ என்று மறுத்துவிடும். ஆண்ட்ராய்டு இதைக் கெட்டிக்காரத்தனமாகத் திருப்பிப் பயன்படுத்துகிறது. ஆளுக்குப் பதில் ஒவ்வொரு செயலிக்கும் ஓர் எண்ணைத் தருகிறது. உங்கள் மின்னஞ்சல் செயலியின் எண் 10,150 என்று வைத்துக்கொள்வோம். வேலைப் பகுதிக்குப் பொதுவாகக் கிடைக்கும் எண் 10. அதை 100,000ஆல் பெருக்கி, செயலியின் எண்ணைக் கூட்டுங்கள்: 1,010,150. வேலைப் பகுதியில் இருக்கும் அதே மின்னஞ்சல் செயலிக்கு இதுதான் எண். நம் கண்ணுக்கு ஒரே செயலி. லினக்ஸின் கண்ணுக்கு இருவேறு ஆட்கள். தொடக்கப்பள்ளிக் கணக்குதான், ஆனால் சுவர் உறுதியாக நிற்கிறது.

சுவரோடு பூட்டும் உண்டு. இரு பகுதிகளின் கோப்புகளும் வெவ்வேறு சாவிகளால் மறையாக்கம் செய்யப்படுகின்றன, அதாவது சாவி இல்லாதவருக்குப் புரியாத குப்பையாக மாற்றப்படுகின்றன. சாவி என்பது 256 இலக்கங்கள் கொண்ட ஒரு வரிசை. ஒவ்வோர் இலக்கமும் 0 அல்லது 1. ஆகவே 2-இன் அடுக்கு 256 சாவிகள் சாத்தியம். ஏறத்தாழ 1-க்குப் பின் 77 சுழியங்கள். நொடிக்கு ஒரு டிரில்லியன் சாவிகளை முயன்று பார்க்கும் கணினி, பேரண்டம் தோன்றிய 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தால் இன்று எங்கே நிற்கும்? கணக்கிட்டுப் பாருங்கள். (இவ்வளவு வலுவான பூட்டுக்கு ‘1234’ என்று திரைப்பூட்டு வைப்பவர்களை என்ன சொல்வது!)

இந்தப் பூட்டினால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது நிறுவனத்தின் கோப்புகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தேவையில்லை. சாவியை மட்டும் அழித்தால் போதும். கோப்புகள் நினைவகத்தில் கிடந்தாலும் இனி எவராலும் படிக்க முடியாது. சில நொடிகளில் அறை காலி. அம்மாவின் படங்கள் பத்திரமாக அப்படியே இருக்கும்.

ஆனால், அழிக்கும் கட்டளை யார் கையில் இருக்கிறது? அது எவ்வளவு தூரம் பாயும்? இந்தக் கேள்விகளுக்கான விடையைச் சிங்கப்பூர் மாணவர்கள் நேரிலேயே பார்த்தார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் ஐபேட், குரோம்புக் கருவிகளில், பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் நிர்வாகச் செயலி ஒன்று இருந்தது. இங்கே தனி அறை கிடையாது. முழு வீடும் நிர்வாகத்தின் கீழ். 2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி, அந்தச் செயலியின் நிர்வாகத் தளத்துக்குள் யாரோ அனுமதியின்றி நுழைந்தார். 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் கருவிகள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. பிறகு எல்லாக் கருவிகளிலிருந்தும் அந்தச் செயலியை நீக்கக் கல்வி அமைச்சு முடிவெடுத்தது.

கவனியுங்கள்: அந்த 256 இலக்கப் பூட்டை உடைக்க வேண்டிய தேவையே வரவில்லை. தொலைந்துபோன கருவியில் உள்ளதைக் காப்பதற்காக வைத்த அதே கட்டளை, வேறு கைக்குப் போனதும் 13,000 பேர் மீது பாய்ந்தது. குறிப்புகளை இணையச் சேமிப்பகத்திலும் வைத்திருந்தவர்கள் மீட்டுக்கொள்ளலாம். கருவிக்குள் மட்டுமே வைத்திருந்தவர்களுக்கு அவை போனவைதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சிக்கு முன் ஓரிடத்தில் பகுதிநேர வேலை பார்த்தேன். அங்கே தந்த மின்னஞ்சல் முகவரியை என் கைப்பேசியில் சேர்த்தபோது ஒரு திரை வந்தது. வரிசையாகப் பல அனுமதிகள். படிக்காமலே ‘சரி’ என்று தட்டினேன். வேலையை விட்டுப் பல மாதங்கள் கழித்து அமைப்புகளைத் துழாவியபோதுதான் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். அதில் ஒரு வரி: ‘எல்லாத் தரவையும் அழித்தல்’. அத்தனை மாதங்களும் என் வீட்டின் முழுச் சாவி அவர்களிடம் இருந்திருக்கிறது! யாரும் அதைப் பயன்படுத்தவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

பள்ளி விடுமுறையில் நீங்களும் பகுதிநேர வேலைக்குப் போகலாம். ‘உன் கைப்பேசியில் இந்தச் செயலியைப் போட்டுக்கொள்’ என்று மேற்பார்வையாளர் சொல்லலாம். அப்போது வரும் திரையை நிதானமாகப் படியுங்கள். வேலைக்கெனத் தனிப் பகுதி ஒன்றை உருவாக்கப்போவதாகச் சொன்னால், கேட்பது ஓர் அறை. எல்லாத் தரவையும் அழிக்கும் அனுமதி கேட்டால், கேட்பது முழு வீடு. இரண்டாவதாக இருந்தால், ‘சரி’யைத் தட்டும் முன், தனிப் பகுதியாக அமைத்துத் தர முடியுமா என்று அவரிடமே கேளுங்கள்.