மேலே போகாத கெட்ட செய்தி

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஹெச்.ஆர். எக்ஸிக்யூட்டிவாக வேலை பார்க்கிறேன். வயது 29. சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மெர்ச்சண்டைசிங் பிரிவில் மட்டும் எட்டு மாதத்தில் ஐந்து பேர் போய்விட்டார்கள். காலை மீட்டிங்கில் யாராவது ஒருவரை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டுவது எங்கள் எம்.டி.யின் வழக்கம். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் கேள்வி வரும். பதில் போடாதவர் மறுநாள் மாட்டிக்கொள்வார். வேலையை விட்டவர்களுக்கு ரிலீவிங் ஆர்டர் தராமல் இழுத்தடிக்கச் சொல்கிறார்கள். நான் ஏதாவது பேசினால், "திருப்பூர்னா இப்படித்தாம்மா, உனக்கு மனசு ரொம்ப மென்மை" என்கிறார் மேனேஜர். இப்போது காலியான இடங்களுக்கு நான்தான் ஆள் எடுக்க வேண்டும். விளம்பரத்தில் 'குடும்பம் போன்ற சூழல்' என்று போடச் சொல்கிறார்கள். பெண்கள் வந்தால் கல்யாணம், குழந்தை பற்றிக் கேட்டுக் குறித்து வைக்கச் சொல்கிறார்கள். எங்கள் அலுவலகம் உண்மையிலேயே கெட்டுப்போன இடமா, இல்லை எனக்குத்தான் தாங்கும் சக்தி போதவில்லையா? நேர்மையாக ஆள் எடுப்பது எப்படி?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் மனசுக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதில் பாதி உண்மையாக இருந்தாலும், அலுவலகம்தான் சீக்காளி. ஆனால் எது சீக்கு, எது தொழிலின் சுபாவம் என்று நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிக்காமல் போய்ப் பேசினால் மேனேஜர் சொன்ன பதிலையே எம்.டி.யும் சொல்லுவார்.

ஏற்றுமதித் தொழிலில் ஷிப்மென்ட் தேதி தள்ளிப்போகாது. பையர் கடைசி நேரத்தில் பட்டனை மாற்றுவார், லேபிளை மாற்றுவார். அந்த வாரம் இரவு ஒன்பது மணி வரை உட்காருவது எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான். அதை வைத்து ஓர் இடத்தை மோசம் என்று சொல்ல மாட்டேன். ஷிப்மென்ட் போன மறுநாள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உட்கார்ந்தவர்களுக்கு ஓவர்டைம் கணக்கில் ஏறுகிறதா, மாற்று விடுப்பு கிடைக்கிறதா, ஒரு நல்ல வார்த்தையாவது சொல்கிறார்களா? எதுவும் இல்லாமல் அடுத்த அவசரம் தொடங்குகிறது என்றால், அவசரமே அங்கே நிர்வாக முறையாகிவிட்டது என்று அர்த்தம். கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வரும் அலுவலகமானாலும், தொழிற்சாலையானாலும் தமிழ்நாட்டில் சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 48 மணிதான். அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு அது. இரவு பதினொரு மணி வாட்ஸ்அப்பும் வேலை நேரம்தான்; ரெஜிஸ்டரில் ஏறாத வேலை நேரம்.

சத்தம் போடும் முதலாளிகள் நிறைய உண்டு. சத்தத்தைவிட எனக்குக் கவலை தருவது, அந்தச் சத்தத்துக்குப் பயந்து கீழே உள்ளவர்கள் எதை மறைக்கிறார்கள் என்பது. உங்கள் தொழிலிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். டையிங்கிலிருந்து துணி வருகிறது. அப்ரூவ் ஆன ஷேடுக்கும் வந்த லாட்டுக்கும் வித்தியாசம் இருப்பது, திங்கட்கிழமை காலை லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்த உடனே மெர்ச்சண்டைசருக்குத் தெரிந்துவிடுகிறது. அன்றே சொன்னால் லாட்டைத் திருப்பி அனுப்பலாம், பையரிடம் பேசி ஒப்புதல் கேட்கலாம். சொன்னால் நாளைய மீட்டிங்கில் நிற்க வேண்டியது தான்தான் என்று அவருக்குத் தெரியும். பார்த்தும் பார்க்காததுபோல் துணியை உள்ளே விடுகிறார். வியாழக்கிழமை கட்டிங் முடிந்த பிறகு விஷயம் வெடிக்கிறது. மாற்றுத் துணி வந்து தைத்து முடிப்பதற்குள் கப்பல் போய்விடுகிறது. சரக்கு விமானத்தில் போகிறது, செலவு கம்பெனி தலையில் விழுகிறது. அன்றைக்கு இன்னும் கடுமையான திட்டு. அடுத்த முறை இன்னும் கவனமாக மறைப்பார்கள்.

இதை ஆராய்ந்து எழுதியவர் ஏமி எட்மண்ட்சன். இன்று ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் பேராசிரியர். 1990-களில், ஆய்வு மாணவியாக இருந்தபோது, மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். வந்த கணக்கு தலைகீழாக இருந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: அங்கே செவிலியர்கள் தவறைப் பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மூடி மறைத்தார்கள். ஆக, 'எங்கள் பிரிவில் பிரச்சினையே இல்லை' என்று ஓர் அலுவலகம் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். கெட்ட செய்தி மேலே போய்ச் சேர எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். ஓர் இடத்தின் ஆரோக்கியத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

ஐந்து பேர் போனதைப் பற்றி. 'பக்கத்துக் கம்பெனியில் மூவாயிரம் கூடக் கொடுத்தார்கள், போய்விட்டார்கள்' என்று உங்கள் மேனேஜர் சொல்லுவார். அமெரிக்காவில் 2021-இல் கோடிக்கணக்கானோர் வேலையை விட்டபோது அதை ஆராய்ந்த டொனால்ட் சல் குழுவினர், ஒரு நிறுவனத்தைவிட்டு ஆட்கள் வெளியேறுவதைக் கணிக்கச் சம்பளத்தைவிட நச்சுப் பணிச்சூழல் 10.4 மடங்கு வலுவான காரணி என்று 2022-இல் எம்.ஐ.டி. ஸ்லோன் மேனேஜ்மென்ட் ரிவ்யூவில் எழுதினார்கள். அது அங்கத்திய பெரிய நிறுவனங்களின் கணக்கு. திருப்பூருக்கு அந்த எண்ணை அப்படியே கொண்டுவர முடியாது. அதனால் நீங்களே விசாரியுங்கள். போன ஐந்து பேரில் இரண்டு பேரிடமாவது, இப்போது அவர்களுக்கு இங்கே எந்தப் பயமும் இல்லாத நிலையில், ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசுங்கள். முதலில் போனவர் யார் என்றும் பாருங்கள். வெளியே வேலை கிடைக்கும் திறமை உள்ளவர்தான் முதலில் போவார்.

ரிலீவிங் ஆர்டரை நிறுத்திவைப்பது எனக்குக் கோபம் வரவழைக்கும் பழக்கம். அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டிவைப்பதும் அப்படியே. இரண்டும் ஆளைப் பிணையாகப் பிடிக்கும் வேலை. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, வேலையை விட்டவருக்குச் சேர வேண்டிய சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். நியமனக் கடிதம் கொடுப்பதும் கட்டாயம். போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்று எழுதி வாங்குவதும் செல்லாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு அதைத் தடுக்கிறது. பாண்ட் விஷயம் மட்டும் வேறு. மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டது. எனவே பாண்ட் எல்லாம் வெறும் காகிதம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். பாண்ட் உண்டென்றால் இன்டர்வியூவிலேயே சொல்லிவிடுங்கள். சேர்ந்த அன்று கையெழுத்துக்கு நீட்டுவது ஏமாற்று.

இன்னொரு சோதனை செய்யலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். உங்கள் கம்பெனியில் ஃபைல் இருக்கும், பையர் ஆடிட்டுக்காகவாவது இருக்கும். செக்கிங் செக்‌ஷனில் நிற்கும் ஒரு பெண்ணிடம் போய், 'குழுவில் யார் யார் இருக்காங்க தெரியுமா?' என்று கேளுங்கள். பெயர் தெரியாவிட்டால் அந்தக் குழு ஃபைலில் மட்டும்தான் இருக்கிறது. திண்டுக்கல் பகுதியில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் போராடி 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. ஆலையில் வேலை செய்யும் பெண்களையே கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவித்து, புகாரைத் தளத்திலேயே சொல்ல வழி செய்தது அந்த ஒப்பந்தம். கையெழுத்திட்ட ஏற்றுமதி நிறுவனம் உங்கள் திருப்பூரைச் சேர்ந்ததுதான். 'திருப்பூர்னா இப்படித்தான்' என்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி ஆள் எடுக்கும் விஷயம். இங்கே அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது.

'குடும்பம் போன்ற சூழல்' என்று எழுதாதீர்கள். அதற்குப் பதில் சம்பளம் எவ்வளவு முதல் எவ்வளவு வரை, வேலை நேரம் என்ன, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா, யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். 'ஷிப்மென்ட் வாரங்களில் இரவு தாமதமாகும்' என்ற வரியையும் சேருங்கள். பத்து விண்ணப்பம் குறையும், குறையட்டும். தெரிந்து வருபவர் மூன்றாவது மாதம் ஓட மாட்டார்.

கல்யாணம், குழந்தை பற்றிய கேள்வியைக் கேட்காதீர்கள், குறித்தும் வைக்காதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை அசெம்பிளி வேலைக்கு எடுக்காமல் தவிர்ப்பதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, புதிதாக எடுத்த பெண்களில் 25 சதவீதம் பேர் திருமணமானவர்கள் என்றது. ஆனாலும் மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. வேலைக்கு எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு கூடாது என்பது 1976-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது, இன்றைய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. 'ஷிப்மென்ட் நேரத்தில் எட்டு மணி வரை இருக்க முடியுமா?' என்று கேட்க வேண்டுமானால் தாராளமாகக் கேளுங்கள். அதை ஆண்களிடமும் கேளுங்கள். எம்.டி. குறிப்பு எங்கே என்று கேட்டால், அப்படி ஒரு குறிப்பு எழுத்தில் இருப்பது கம்பெனிக்கே ஆபத்து என்று சொல்லுங்கள். அது முழு உண்மை.

இன்டர்வியூவுக்கு வருபவரின் நேரத்தை மதியுங்கள். தேனியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் ராத்திரி பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவிக்கொண்டு காலை ஒன்பதரைக்கு ரிசப்ஷனில் வந்து உட்காருகிறார்கள். எம்.டி. மூன்று மணிக்கு வருகிறார், ஐந்து நிமிடம் பேசுகிறார், 'சொல்லி அனுப்புறோம்' என்கிறார். அதற்குப் பிறகு யாரும் சொல்லி அனுப்புவதில்லை. அந்தப் பையன் இரண்டு வாரம் போனையே பார்த்துக்கொண்டிருப்பான். வேறு இடத்தில் வந்த வாய்ப்பைக்கூடத் தள்ளிப்போடுவான். இருபது பேரை ஒரே நேரத்துக்கு வரவழைக்காமல் ஆளுக்கு ஒரு நேரம் கொடுங்கள். எம்.டி. வர முடியாவிட்டால் அவர்கள் ஊரில் கிளம்புவதற்கு முன்பே சொல்லுங்கள். தேர்வாகாதவருக்கு இரண்டு வரி போதும்: 'உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி. இந்த இடத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி.' நீங்களே அனுப்பலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

திருப்பூரில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வந்தவர் இப்போது வேலை பார்க்கும் கம்பெனிக்கு, அவரைக் கேட்காமல் போன் போட்டு விசாரிக்காதீர்கள், விசாரிக்க விடாதீர்கள். 'உங்க ஆள் இங்க வந்திருக்கார்' என்ற ஒரு வார்த்தையில் கையில் இருக்கும் வேலையும் போய்விடும். திறமையைப் பார்க்கிறேன் என்று நிஜ ஆர்டருக்கான காஸ்டிங் ஷீட்டைப் போடச் சொல்லி வாங்கிக்கொள்வதும் கூடாது. அது கூலியில்லாமல் வாங்கும் வேலை. ஆஃபர் லெட்டரை, எம்.டி. கையெழுத்துப் போட்ட பிறகே கொடுங்கள். ஒருவர் அதை நம்பி ராஜினாமா செய்த பிறகு 'கொஞ்சம் பொறுங்க' என்று சொல்வதைவிடப் பெரிய துரோகம் ஆள் எடுப்பதில் இல்லை.

எம்.டி.யிடம் பேசும்போது மரியாதை, மனிதாபிமானம் என்று தொடங்காதீர்கள். போன ஐந்து பேருக்கு மாற்று ஆள் எடுக்க ஆன செலவு, புதியவர் வேலை பழகும்வரை நடந்த தவறுகள், தாமதமாகத் தெரியவந்ததால் விமானத்தில் போன சரக்கு, இந்த மூன்று கணக்கையும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு தனியாகப் பேசுங்கள். ஒரே ஒரு மாற்றம் கேளுங்கள்: திட்டுவது தனியறையில் நடக்கட்டும், பிரச்சினையை முதலில் சொன்னவரை மீட்டிங்கில் நிற்கவைக்க வேண்டாம். சில முதலாளிகள் கணக்கைப் பார்த்து மாறியிருக்கிறார்கள். மூன்று மாதம் பாருங்கள்.

மாறவில்லை என்றால், அல்லது பொய் விளம்பரமும் கல்யாணக் கேள்வியும் உங்கள் பெயரில்தான் நடக்க வேண்டும் என்று வற்புறுத்தினால், அங்கே இருக்காதீர்கள். இன்றைக்கே உங்கள் நியமனக் கடிதம், சம்பள ரசீதுகளின் நகலை வீட்டில் எடுத்துவையுங்கள். யூ.ஏ.என். பாஸ்புக்கில் பி.எஃப். மாதாமாதம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த இடத்தில் இன்டர்வியூ முடியும்போது, 'இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார்? கடைசியாக இங்கே நடந்த பெரிய தவறு என்ன, அதை முதலில் சொன்னவருக்கு என்ன ஆனது?' என்று கேளுங்கள். பதிலைவிட, பதில் சொல்பவர் யாரைத் திரும்பிப் பார்க்கிறார் என்பதைக் கவனியுங்கள். அங்கே கையெழுத்தான ஆஃபர் லெட்டர் உங்கள் கைக்கு வரும்வரை இங்கே ராஜினாமா கொடுக்காதீர்கள்.