மண்சுவர் வீட்டில் குளியலறை

மண்சுவர் வீட்டிற்கு ஜலமே முதற் சத்துரு. தர்மபுரி ஜில்லா 1965-ம் வருஷம் சேலம் ஜில்லாவினின்றும் பிரிக்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இப்பிரதேசத்துக் குடியானவர்கள் மண்ணைக் குழைத்துச் சுவர் வைத்துக் குடியிருந்து வந்திருக்கின்றனர். அக்காலத்தில் ஸ்நானம் செய்யும் இடம் புழக்கடையில் இருந்தது. இப்பொழுது அது வீட்டிற்குள் வருகிறது. டைல்ஸ் என வழங்கும் பீங்கான் ஓடும் சுவரில் ஏறுகிறது. ஸ்திரீகளுக்கும் வயோதிகர்களுக்கும் இது பெரிய சௌகரியமே. ஆயினும் செய்முறை தவறினால் சுவருக்கே சேதம் நேரிடும்.

ஓட்டின் மெருகில் ஜலம் ஊறாது. ஆனால் ஓடுகளின் இணைப்புகளில் புகும். பின்னுள்ள மண்ணை அடைந்ததும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல் அது மேலும் பக்கங்களிலும் பரவும். முன்புறம் ஓடு மூடியிருப்பதால் ஈரம் எளிதில் உலராது. உலர்ந்த மண் பாரம் தாங்கும். நனைந்த மண் தாங்காது. ஓடு பளபளவென்றிருக்கும்போதே உள்ளே சுவர் இளகிவிடும். ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டால், அச்சுவரையொட்டிப் படுத்துறங்குவோரின் உயிருக்கே ஆபத்தாகும்.

மண்சுவரின்மேல் நேரே சிமெண்டு பூசுவது பரிகாரமன்று. மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும்; சிமெண்டு அதற்கு இணங்காது. ஆகவே பூச்சு பிரிந்து, வெடிப்பின் வழியாக ஜலம் இறங்கும்.

செய்யத்தக்க முறை வருமாறு:

1. குளியலறையைத் தனிப் பெட்டிபோல் பாவித்து, மண்சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி, நாற்புறமும் செங்கற்சுவர் எழுப்புக. வேலையைக் கோடையில் செய்க. புது அஸ்திவாரம் பழைய அஸ்திவாரத்திற்குக் கீழே போகலாகாது. இடைவெளியில் காற்று உலாவ வேண்டும், மழை இறங்கலாகாது.

2. தரை, ஜலதாரையை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் சரிவாக இருக்கட்டும்.

3. சிமெண்டுப் பூச்சு நன்கு காய்ந்தபின், ஜலம் புகாத வாட்டர்புரூஃப் பூச்சை இருமுறை தடவுக. முதற்பூச்சு உலர்ந்தபின்னரே இரண்டாவது. தரை முழுதும், சுவரில் ஆறடி உயரமும், மூலைகளும், குழாய் நுழையும் துவாரங்களும் விடுபடலாகாது.

4. ஓடு பதிக்குமுன் தாரையை அடைத்து, வாசலில் சிறு வரம்பு கட்டி, இரண்டு அங்குலம் ஜலம் நிறுத்தி, மட்டத்தைக் குறித்துக்கொள்க. ஒரு நாள் சென்றபின் மட்டம் இறங்கியிருந்தாலும், வெளிப்புறம் கசிந்தாலும், பூச்சைச் சரிசெய்து மறுபடியும் சோதிக்க. அதன்பின்னரே ஓடு பதிக்கலாம்.

5. கழிவு ஜலம் சுவரடியில் தேங்காமல், குழாய் மூலம் தூரத்திலுள்ள வாழைக்கோ தென்னைக்கோ செல்லட்டும்.

ஓடு வாங்க வசதியில்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. மொராக்கோ தேசத்து ஸ்நான மண்டபங்களில் சுண்ணாம்புச் சாந்தைக் கல்லால் தேய்த்து மெருகேற்றி, சவுக்காரம் பூசுகின்றனர். சவுக்காரம் சுண்ணாம்புடன் கலந்து ஜலத்தை விலக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைக்கும் வழக்கம் நம் நாட்டுக் கொத்தர்களுக்கும் உண்டு.

கடன் பெற்றுக் கட்டும் அங்கத்தினர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணம் போதாதாயின் ஓட்டைக் குறைக்கலாம். அடியிலுள்ள பூச்சைக் குறைக்கலாகாது. ஓட்டை அடுத்த வருஷம் பதித்துக்கொள்ளலாம். சுவர் விழுந்தாலோ, வீடும் போய்த் தவணையும் நிற்காது.